வறண்டு வந்த பாட்டில்

போன மாதம் பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். விருதுநகரில் எங்கள் திசுப் பரிசோதனைக் கூடத்துக்குப் புது மெஷின் வந்திருக்கிறதாம். ஸ்லைடைச் சொருகிவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்தால் அதுவே நிறமேற்றி வைத்திருக்குமாம். "இனிமே தப்பே வராதுக்கா, எல்லாம் அதுவே பாத்துக்கிரும்" என்றாள். எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. திசு போட்ட பாட்டில் எப்படியம்மா வருகிறது என்று கேட்டேன். அது எப்போதும்போலத்தான், நோயாளியின் சொந்தக்காரர்கள் கையில், பஸ்ஸில் என்றாள்.

அப்புறம் என்ன மெஷின், என்ன கர்மம் என்று நான் கத்திய கத்தலில் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். பிரியா கோபித்துக்கொள்ளவில்லை. என்னிடம் ஆறு வருடம் திட்டு வாங்கியவள், பழகிப்போயிருக்கும். போனில் திட்டுவதை அப்படியே எழுதிக் கொடுங்கள், புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கிறேன் என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை, திட்டுதான் பழக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

படித்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மதுரையில் இரண்டு வருட டிப்ளமோ. முதல் வருடம் பாட்டில் கழுவினேன், இரண்டாம் வருடம் கத்தியில் விரலை வெட்டிக்கொண்டேன். பிறகு கல்யாணமாகி விருதுநகர் வந்து, இந்தக் கூடத்தில் சேர்ந்து, முப்பத்திரண்டு வருடம் அதே ஜன்னலோரம் அதே மேஜை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் லேப் என்று சொல்வேன். ரத்தம் எடுப்பீர்களா என்பார்கள். இல்லை, எங்களிடம் வருவது அறுவைச் சிகிச்சையில் வெட்டி எடுத்த கட்டி என்று சொன்னதும் தள்ளி உட்காருவார்கள்.

வேலை என்னவென்றால் இதுதான். சிவகாசியிலும் சாத்தூரிலும் ராஜபாளையத்திலும் இருக்கிற நர்சிங் ஹோம்களில் கட்டியை எடுப்பார்கள். அதை ஃபார்மலினில் போட்டு, நோயாளியின் சொந்தக்காரர் கையில் கொடுத்து, விருதுநகருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். ஃபார்மலின் என்பது திசு அழுகாமல் அப்படியே கெட்டிப்பட்டு நிற்க உதவும் திரவம். கண்ணைக் கரிக்கும், மூக்கில் ஏறும். கட்டி எம்புட்டு இருக்கிறதோ அதைப்போலப் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். பெரிய கட்டியாக இருந்தால் திரவம் உள்ளே இறங்க வெட்டிவிட்டுப் போட வேண்டும். உடம்பிலிருந்து எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் நானே அனுப்பியிருக்கிறேன். அச்சுக்குப் பேர்போன சிவகாசி பக்கத்திலேயே இருக்க, தாளுக்கா பஞ்சம். சுவரில் ஒட்டினார்கள். அதன் மேல் அடுத்த வருடக் காலண்டரை மாட்டினார்கள்.

எங்களுக்கு வந்த பாட்டில்களைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஊறுகாய் பாட்டில், தேன் பாட்டில், குழந்தையின் தண்ணீர் பாட்டில். வாய் குறுகிய பாட்டிலில் கட்டியை அழுத்தித் திணித்துவிடுவார்கள். போகும்போது அது மெத்தென்றிருந்ததால் போய்விட்டது. ஃபார்மலினில் கெட்டியான பிறகு வெளியே வருமா? ஒவ்வொரு தடவையும் துணியைச் சுற்றிச் சுத்தியலால் பாட்டிலை உடைப்பேன். ஒருவர் கர்ப்பப்பையைக் கேரிபேக்கில் கட்டி, பக்கத்திலேயே பூரிக்கிழங்குப் பொட்டலத்தையும் வைத்துக் கொண்டுவந்தார். எது எங்களுக்கு என்று அவருக்கே ஒரு நிமிடம் குழப்பம்.

பாதிப் பாட்டில்கள் வழியில் ஒழுகி, அடியில் ஒரு விரற்கடை திரவத்தோடு வரும். சிலது சுத்தமாக வறண்டு வரும். அப்போது என்ன செய்வோம்? நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சீனியர் அக்கா சொல்லிக் கொடுத்தது: மேலே ஊத்திரு. கவுண்டருக்குக் கீழே ஒரு கேன் ஃபார்மலின் எப்போதும் இருக்கும். வறண்ட பாட்டிலைத் திறப்போம், கழுத்துவரை ஊற்றுவோம், மூடுவோம், நம்பர் ஒட்டுவோம். பேச்சு மூச்சு கிடையாது. கொண்டுவந்தவரைத் திட்டினால் அழுவார். நர்சிங் ஹோமைக் கேட்டால் அவர்கள் அடுத்த பாட்டிலை வேறு லேபுக்கு அனுப்பிவிடுவார்கள். திருப்பி அனுப்பவும் முடியாது, வெட்டி எடுத்த கட்டியை மறுபடியும் உடம்பில் வைத்தா வெட்ட முடியும்? ஆகவே ஊற்று. இதை எந்த நோட்டிலும் எழுதியதில்லை. எழுத வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அந்தக் காலத்தில் கேள்வி ஒன்றே ஒன்றுதான், புற்றா இல்லையா. திசு கொஞ்சம் கெட்டுப்போயிருந்தாலும் அதைச் சொல்லிவிடலாம்.

எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஐயா என்றுதான் சொல்வோம், அப்படியே எழுதுகிறேன். ஸ்லைடு போனதும் முதல் வேலையாக, நோயாளியின் பெயர் எழுதிய பக்கத்தை ஒரு காகிதத் துண்டால் மறைத்துவிடுவார். பெயரும் வயதும் தெரிந்தால் கண் இரங்கிவிடும், இரங்கின கண்ணுக்கு இருப்பது தெரியாது என்பார். பார்த்து முடித்து, பென்சிலால் குறித்து, அதன் பிறகுதான் காகிதத்தை எடுப்பார். சின்ன வயதுப் பெயராக இருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. நாம் தப்புச் செய்தால், "ரொம்பச் சந்தோசம்" என்று மெதுவாகச் சொல்வார். அந்த ரெண்டு வார்த்தைக்குப் பயந்து நான் பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். கத்தித் தொலைத்தால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும்.

அவரிடம் எனக்கு எரிச்சல் ஒன்றே ஒன்றில்தான். கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டைத் திரும்ப எடுக்கமாட்டார். சந்தேகப்படுவதாக இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே படவேண்டும் என்பது அவர் சட்டம். அதற்கப்புறம் போய் நின்றால், "அதான் போட்டாச்சே" என்பார். அந்த வாக்கியத்தோடு முட்டிமோதியதுதான் இந்தக் கதை.

பிறகு ஹெர்-டூ பரிசோதனை வந்தது. பிள்ளைகளே, உங்களுக்குப் புத்தகத்தில் இருக்கும். நான் எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஹெர்-டூ என்பது செல்லின் மேலுறையில் நிற்கும் ஒரு நொதி. வளரச் சொல்லும் செய்தியைச் செல்லுக்குள் தட்டிவிடுவது அதன் வேலை. எல்லா நல்ல செல்லிலும் கொஞ்சம் உண்டு, அளவோடு பேசும். சில மார்புப் புற்றுகளில் அதற்கான மரபணு ஒன்று பலவாகப் பெருகி, மேலுறை முழுக்க இந்த நொதியே நெருக்கியடித்து நிற்கும். பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் கூப்பிட்டால் ஏறுவதா வேண்டாமா என்று யோசிப்போம். ஐம்பது பேர் சுற்றி நின்று ஏறு ஏறு என்றால்? அப்படித்தான் அந்தச் செல்லும். யாரும் வளரச் சொல்லாதபோதும் வளர்ந்துகொண்டே இருக்கும், பெருகும், பரவும். இந்த வகைப் புற்று மூர்க்கமானது. ஆனால் அதே நொதிதான் பிடிமானமும். அதன் மேலேயே போய் ஒட்டி அதன் வாயை அடைக்கிற ஊசி ஒன்று இருக்கிறது. நொதி மிஞ்சி நிற்பவர்களுக்கு மட்டும்தான் அது வேலை செய்யும். ஆகவே நாங்கள் உண்டு என்று எழுதினால் ஊசி உண்டு. இல்லை என்று எழுதினால் ஊசி இல்லை. புற்றா இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் கையில் இவ்வளவு பெரிய கேள்வியைக் கொடுத்துவிட்டார்கள். நாங்களோ கவுண்டருக்குக் கீழே இருந்த கேனை எடுத்து அப்படியே ஊற்றிக்கொண்டிருந்தோம்.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன், மெஷின் காலத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். கட்டியை மெழுகில் புதைத்துப் பிளாக் செய்வோம். அதிலிருந்து முடியைவிட மெல்லிசாக ஏடு சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்துவோம். ஃபார்மலின் கெட்டிப்படுத்தியதைக் கொஞ்சம் இளக்கினால்தான் நிறம் பிடிக்கும். அதற்கு எங்களிடம் இருந்தது சாதாரணப் பிரஷர் குக்கர். கரைசலை ஊற்றி, ஸ்லைடுகளை நிறுத்தி, விசில் எண்ணுவேன். என் வீட்டுக் குக்கரில் பருப்பு குழைந்தாலும் குழையும், லேப் குக்கரில் ஒரு விசில் கூடியதில்லை. பிறகு ஆறவிட்டு, அந்த நொதியை மட்டும் தேடிப்போய் ஒட்டும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காத்திருந்து, கழுவி, நிறம் ஏற்றுவோம். நொதி மிஞ்சி நின்றால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்பு வளையம் தடிமனாக விழும். கோழிக்கூட்டுக் கம்பிவலை மாதிரி இருக்கும். இல்லையென்றால் எல்லாம் வெறும் நீலம். இதனோடு ஹார்மோன் சோதனை இரண்டு, ஆக மூன்று ஸ்லைடு. நன்றாகத் தெரிந்த ஒரு பழைய கட்டியின் ஏட்டையும் சாட்சிக்குக் கூடவே ஓட்டுவோம்.

இனி மாரியம்மா. வெம்பக்கோட்டைப் பக்கம். பட்டாசு கம்பெனியில் திரி ஏற்றும் வேலை. அப்போது நாற்பது வயது இருக்கும். மார்பில் கட்டி என்று சிவகாசியில் ஒரு நர்சிங் ஹோமில் ஆபரேஷன். கட்டி ஒரு பாட்டிலில், அக்குளிலிருந்து எடுத்த நெறிக்கட்டிகள் தனியாக ஒரு சின்ன மருந்துக் குப்பியில். கொண்டுவந்தவர் அவள் அண்ணன் பாண்டி, திருத்தங்கலில் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். லட்சுமி படம் நிறம் பிசகி விழுந்த காலண்டர் தாளில் பாட்டிலைச் சுற்றி, இரண்டு கையாலும் தாங்கி, திங்கட்கிழமை காலை நாங்கள் கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றார். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. விடுமுறைக்கு முன் ரிப்போர்ட் வேண்டும் என்று ஊரே வந்து குவிந்திருந்தது.

பாட்டிலைத் திறந்தேன். கண் கரிக்கவில்லை. மூக்கில் ஏறவில்லை. உள்ளே கலங்கலாக ஏதோ திரவம். அதைக் கொட்டினேன், கேனை எடுத்தேன், கழுத்துவரை ஊற்றினேன், மூடினேன், நம்பர் ஒட்டினேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

புற்று என்று ரிப்போர்ட் போனது. மூன்று சோதனைக்கும் கேட்டிருந்தார்கள், செய்தேன். மூன்றும் நீலம். சாட்சி ஸ்லைடு நன்றாகப் பழுப்பேறியிருந்தது, அதனால் என் குக்கரிலும் மருந்திலும் குறையில்லை. ஐயா ஹார்மோன் இரண்டும் இல்லை, ஹெர்-டூவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பாண்டி வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஸ்லைடுகளை டிராயரில் அடுக்கும்போது என்னவோ தோன்றி அந்த ஹார்மோன் ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். திசு மங்கலாக இருந்தது, செல்களின் நடுவே இருக்கும் கருக்கள் கரைந்த மாதிரி. ஓரத்துக்கு நகர்த்தினேன். புற்றுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நல்ல மார்புத் திசு இருந்தது, அதில் ஒரு பால் குழாய். நல்ல குழாயில் இந்தச் சோதனை அங்கங்கே சில கருக்களையாவது பழுப்பாக்கியே தீர வேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே ஐயாதான். அந்தக் குழாய் முழுக்க நீலம். ஒரு பொட்டுப் பழுப்பு இல்லை. நல்ல திசுவிலேயே தெரியவில்லை என்றால் புற்றில் இல்லை என்று எப்படிச் சொல்வது? சோதனையே செல்லாது. திசு எங்கள் கைக்கு வருமுன்பே கெட்டிருக்கிறது. அது எனக்குத் திங்கட்கிழமை காலையிலேயே தெரியும். என் மூக்குக்குத் தெரியும்.

பாண்டியைப் போனில் பிடித்து, தங்கச்சி பேப்பரில் ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு என்று பொய் சொல்லி வரவழைத்தேன். வந்தார். பாட்டிலை எப்படித் தம்பி கொண்டுவந்தீக என்று கேட்டேன். முதலில் முழித்தார். பிறகு ஒன்றொன்றாகச் சொன்னார். சனிக்கிழமை மத்தியானம் பாட்டிலைக் கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸில் மூடி ஒழுகி, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கண்ணெல்லாம் எரிந்து, கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்திவிட்டார். பட்டாசு சீசன் நேரம், கெமிக்கல் கொண்டுபோகிறார்களா என்று வழியெல்லாம் சோதனை. இது ஆஸ்பத்திரிச் சாமான் என்று இவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. போலீஸ் பிடித்தால் தங்கச்சியின் கட்டியோடு ஸ்டேஷனில் உட்கார வேண்டுமே என்று பயந்து திருத்தங்கலில் இறங்கிவிட்டார்.

"அந்த எரியுற தண்ணிய அச்சாபீஸ் சாக்கடையில ஊத்திட்டேன்க்கா. கட்டி காஞ்சு போகக் கூடாதுல்ல, பானைத் தண்ணி ஊத்தி நிழல்ல வச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு வாட்டி தண்ணி மாத்துனேன். தப்பாக்கா?"

தண்ணீர் மாற்றியிருக்கிறார். அக்கறையாக. இரண்டு வாட்டி. நான் தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே அடித்துக்கொண்டேன். அவரைத் திட்ட வாயெடுத்து, திட்ட முடியவில்லை. கண்டக்டரைத் திட்டுவதா, ஒழுகும் பாட்டிலைக் கொடுத்த நர்சைத் திட்டுவதா, இது என்ன, எதற்கு என்று அந்த மனுசனுக்கு ஒரு வரி சொல்லாத டாக்டரைத் திட்டுவதா? ஊற்றி மூடிய என்னை யார் திட்டுவது? சின்னக் குப்பி என்ன ஆச்சு என்று கேட்டேன். அது சட்டைப் பையில் இருந்தது, ஒழுகவில்லை, திறக்கவே இல்லை என்றார். அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஐயாவிடம் போனேன். நெறிக்கட்டியில் புற்று பரவியிருந்தது, அது சின்னத் துண்டு, போதுமான ஃபார்மலினில் சரியாகக் கெட்டிப்பட்டிருக்கிறது, அதில் ஹெர்-டூ பார்க்கலாம் என்றேன். தலை நிமிரவில்லை. "அதான் போட்டாச்சே" என்றார். குழாயைப் பாருங்கள் என்றேன். மதியம் பார்க்கலாம் என்றார். மதியம் கேட்டேன். நாளைக்கு என்றார். மறுநாள், ஓரத்துத் திசு சில சமயம் நிறம் பிடிக்காது, அதை வைத்துச் சொல்ல முடியாது என்றார். அங்கே மதுரையில் அந்தப் பெண்ணுக்கு ஊசி இல்லாமல் வைத்தியம் எழுதிக்கொண்டிருப்பார்கள், இங்கே இவர் ஓரத்துத் திசுவைப் பற்றி வியாக்கியானம் செய்கிறார். ஆண்டவரே, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் அப்படிச் சொல்வதற்கும் காரணம் நான்தான். பாட்டில் எப்படி வந்தது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் ஊற்றியதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். "ஐயா, அந்தப் பாட்டில் ஃபார்மலின் இல்லாம வந்துச்சு. ரெண்டு நாள் பச்சத் தண்ணியில கெடந்திருக்கு. நான் மேல ஊத்தி மூடிட்டேன். இம்புட்டு வருசமும் அப்பிடித்தான் செஞ்சிருக்கோம்."

பென்சிலைக் கீழே வைத்தார். "ரொம்பச் சந்தோசம்" என்றார். அழவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு குழாயைப் பார்த்தார். பார்த்துவிட்டு, நெறிக்கட்டிப் பிளாக்கை எடுத்து இன்றைக்கே செய் என்றார்.

செய்தேன். விசில் எண்ணும்போது வாய்விட்டு எண்ணினேன். கழுவி நிறம் விட்டதுமே கண்ணுக்குத் தெரிந்தது, ஸ்லைடில் அந்த இடம் மட்டும் பழுப்பாக எழும்பியது. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் செல்லுக்குச் செல் தடித்த வளையம், இடைவெளியே இல்லை. மாரியம்மாவின் புற்று அந்த நொதியால்தான் இப்படித் தலைதெறிக்க வளர்ந்திருக்கிறது. பழக்கத்தில் ஐயா பெயரை மறைத்துத்தான் பார்த்தார். பார்த்து முடித்தும் அந்தக் காகிதத்தை எடுக்கவில்லை. தன் லெட்டர் தாளில் மதுரை டாக்டருக்குக் கைப்படக் கடிதம் எழுதினார். என் முந்தைய அறிக்கை செல்லாது, தவறு எங்கள் கூடத்தினுடையது, நோயாளியினுடையதோ உறவினருடையதோ அல்ல என்று இருந்தது. கையெழுத்துப் போட்டதைத் திரும்ப எடுக்காத மனுசன் அன்றைக்கு எடுத்தார். அந்தக் கடிதத்தை நானே பஸ் ஏறி மதுரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். யார் கையிலும் கொடுத்தனுப்ப எனக்கு மனசில்லை.

ஊசி ஆரம்பித்தார்கள். இரண்டு வாரம் தாமதம், அதனால் ஒன்றும் குறைவில்லை என்று மதுரை டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் கவுண்டரில் ஊற்றுவது நின்றது. வறண்டு வந்தால் வறண்டு வந்தது என்று சிவப்பு மையில் எழுத வேண்டும், ரிப்போர்ட்டிலும் அது ஏற வேண்டும் என்று ஐயா உத்தரவு போட்டார். வாய் அகன்ற டப்பாவில் ஃபார்மலின் நிரப்பி நாங்களே நர்சிங் ஹோம்களுக்கு அனுப்பினோம். அனுப்பிய டப்பாவில் பாதிதான் திரும்பி வந்தது. மீதியில் அவர்கள் பஞ்சு போட்டு வைத்துக்கொண்டார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

இதோடு முடிந்திருந்தால் பிரியாவுக்கு நல்ல பாடமாக இருந்திருக்கும். முடியவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாரியம்மா ஊசி போட மதுரை போவாள். திரும்பும்போது சில தடவை விருதுநகரில் இறங்கி எங்களைப் பார்த்துவிட்டுப் போவாள். தலைமுடி கொட்டி, மறுபடி சுருள் சுருளாக முளைத்திருந்தது, அதைத் தடவிக் காட்டிச் சிரிப்பாள். துணைக்கு எப்போதும் அண்ணன்தான் வருவார். ஒருநாள் அவர் டீ வாங்கப் போயிருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எக்கா, எங்க மதினிக்கும் இதே நோவுதான். ரெண்டு வருசத்துக்கு முன்ன எறந்துட்டாக. அவுகளுக்கும் இங்கனதான் பாத்தது. மூணுமே இல்லைன்னு குடுத்தீக. அதையும் ஒருக்கா பாத்துச் சொல்லுவீகளா?"

மதினி என்றால் பாண்டியின் மனைவி. அவர் கல்யாணமானவர், மனைவியை இழந்தவர் என்பதுகூட எனக்கு அதுவரை தெரியாது. பெயரைக் கேட்டுக்கொண்டேன். அவர்கள் போன பிறகு பழைய டிராயரிலிருந்து ஸ்லைடைத் தேடி எடுத்தேன். புற்றைப் பார்க்கவில்லை, நேராக ஓரத்துக்குப் போனேன். நல்ல குழாய்கள் இரண்டு இருந்தன. இரண்டும் நீலம். நெறிக்கட்டியும் கட்டியும் ஒரே பாட்டிலில் வந்திருந்தன, தனிக் குப்பி கிடையாது. வறண்டு வந்ததா, தண்ணீரில் வந்ததா, யார் ஊற்றினோம், ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதும் வழக்கமே அப்போது இல்லையே. ஐயாவும் பார்த்தார். இந்தத் தடவை சந்தோசம் என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த தடவை மாரியம்மா வந்தபோது, அண்ணன் டீ வாங்கப் போன நேரம் பார்த்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். அந்தச் சோதனை செல்லாது, மதினிக்கு அந்த நொதி மிஞ்சி இருந்ததா, ஊசி கேட்டிருக்குமா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்றேன். தப்பு எங்களுடையது என்றும் சொன்னேன். அவள் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பாட்டிலை யார் கொண்டுவந்தது என்று புத்தகத்தில் போட்டிருக்கும்தானே என்று கேட்டாள். போட்டிருந்தது. கணவர் என்று போட்டிருந்தது.

"எங்கண்ணன்ட்ட மட்டும் சொல்லிராதீக எக்கா. அது தாங்காது."

நான் பதில் சொல்வதற்குள் பாண்டி டீயோடு உள்ளே வந்துவிட்டார். எனக்கும் ஒரு கிளாஸ் வாங்கி வந்திருந்தார். ஊசி நன்றாக வேலை செய்கிறது என்று மதுரை டாக்டர் சொன்னதை மலர்ந்த முகத்தோடு சொன்னார். தங்கச்சி முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு டீயை ஆற்றிக்கொண்டே, "எக்கா, எங்க வீட்ல உசுரோட இருந்தப்ப இந்த ஊசி வரல, இல்ல?" என்று கேட்டார்.

அவர் மனைவி இறப்பதற்குச் சில வருடம் முன்பிருந்தே அந்த ஊசியை மதுரையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா தம்பி, அப்ப வரல" என்றேன்.

"அதான்" என்று தலையாட்டினார். "வந்திருந்தா எந்தப் பாடு பட்டாச்சும் போட்டிருப்பேன்ல."

போட்டிருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.